ஏச்சுக் கேட்டு நின்றவன்

ஸைனுலாப்தீனுக்கு வாய் நீளம் என்பது திருகோணமலை முழுக்கத் தெரிந்த விஷயம். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு நாள் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டது. பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

யுத்த காலம் அது. யப்பான்காரன் குண்டு போட்டு ஒரு வருடம் கழிந்திருந்தது. காட்டுக்கும் ஊர் ஊராகவும் ஓடிப்போன சனத்தில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. துறைமுகம் கொள்ளாமல் கப்பல், வீதி கொள்ளாமல் பட்டாளம். துறைமுக வீதியில் ஸைனுலாப்தீன் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். சொந்த ஊர் மூதூர். மனைவி றம்ஸியா அங்கேதான். வியாழக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வள்ளம் ஏறினாரென்றால், வெள்ளி ஜும்ஆ தொழுது, வீட்டுச் சோறு தின்று, சனிக்கிழமை காலையில்தான் திரும்புவார்.

இளந்தாரிப் பருவத்தில் கப்பலில் குசினி வேலைக்குப் போனவர் மொம்பாசாவில் இறங்கி, அங்கே ஒரு கடையில் ஏழு வருடம் நின்றிருந்தார். அந்த ஏழு வருடத்தில் கையில் மிஞ்சியது சுவாஹிலி பாஷை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு திருகோணமலையில் யாரோடு கதைப்பது? கடைப் பூனையோடு கதைத்துப் பார்த்திருக்கிறார். அது எழும்பிப் போய்விட்டது.

அப்படியிருக்க ஆபிரிக்காப் பட்டாளம் வந்து இறங்கியது. ஒரு நாள் கடைக்கு வந்த நெடிய சிப்பாய் ஒருவனிடம், "சீனி காணுமா, இன்னும் போடவா?" என்று சுவாஹிலியில் கேட்டார் ஸைனுலாப்தீன். அந்தப் பிள்ளை குடித்த தேத்தண்ணி புரைக்கேறி இருமி இருமிக் கண்ணால் தண்ணீர் விட்டான். அவன்தான் றஷீதி. தங்கனீக்காவின் தெற்கே, போர்த்துக்கேயரின் மொசாம்பிக் எல்லையோரம் இருக்கிற ஊர்க்காரன். யாவோ சாதி, முஸ்லிம். வயது இருபத்தைந்து இருக்கும். அன்றே பள்ளிவாசலுக்கும் இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

இந்தச் செய்தி நகரத்து ஓரம் பாலையூற்றில் இருந்த பஸ்தியானின் காதுக்கும் போனது.

பஸ்தியான் டொக்யார்ட்டில் சம்மட்டி அடித்து ஓய்ந்த மனிதர். வயது அறுபத்தெட்டு. ஊரார் 'காப்பிரி' என்று சொல்கிற ஏழெட்டுக் குடும்பங்களில் ஒருவர். சுருட்டை மயிர், கறுத்தத் தேகம், வாயைத் திறந்தால் சுத்தமான தமிழ். பத்து வயதில் ஆபிரிக்காக் கரையில் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட பொடியன் அவருடைய பாட்டன். இங்கிலீசுக்காரன் அந்தப் பொடியனை வளர்த்துக் கோட்டையில் சிப்பாயாக்கினான். பிறந்த ஊரின் பெயரைப் பொடியன் மறந்துபோனான். மறந்ததைப் பேரனாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று பஸ்தியானுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு விசர். பிள்ளை குட்டி இல்லாதவர். மனைவி தொமிங்காளும் குண்டு போட்ட நேரம் கன்னியா வழியாகக் காட்டுக்கு ஓடி, அங்கே காய்ச்சல் கண்டு செத்துப்போய்விட்டாள். "வளவுக்குள்ள ஒரு பதுங்குகுழி இருந்திருந்தா அவள் ஓடியிருக்கவே மாட்டாள்" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். வெட்ட அவருக்குத் தெம்பில்லை. வெட்டித் தரவும் ஆளில்லை.

அந்த மனிதர் மாதா கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஸைனுலாப்தீனின் கடைக்கு வந்து நின்றார்.

"தம்பி ஸைனு, எங்கட சனம் கப்பலில வந்திருக்காம். உனக்கு அவையின்ர பாஷையும் தெரியுமாம். ஓமோ?"

"ஓம் அப்பு."

"அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஒருத்தனையெண்டாலும் என்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா!"

கூட்டிக்கொண்டுதான் போனார். பொய் சொல்லக்கூடாது, அந்த ஞாயிற்றுக்கிழமை ஸைனுலாப்தீனுக்கும் தலைகால் தெரியாத சந்தோஷப் புளுகம். முற்றத்தில் மூன்று கதிரை. றஷீதிக்கு ஹராம் என்று பன்றியும் சமைக்காமல், சாராயமும் எடுக்காமல், ஸைனுலாப்தீன் அறுத்துக் கொடுத்த கோழியில் பஸ்தியான் தன் கையாலேயே கறி வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்தார். பாட்டனின் பட்டாளச் சட்டையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"இதை உன்ர கையில தாறன், மகன். யுத்தம் முடிஞ்சு ஊருக்குப் போகேக்க கொண்டுபோய் அந்த மண்ணில வை. அந்தாள்தான் போகேல்லை. அந்தாளின்ர பொத்தானாவது போகட்டும். வெள்ளைக்காரன் வந்து பிடிச்சுக்கொண்டு போன பொடியனின்ர பொத்தான் எண்டு அங்க உள்ள சனத்துக்குச் சொல்லு."

ஸைனுலாப்தீன் அதைச் சொல் பிசகாமல் சுவாஹிலியில் சொன்னார். நீட்டிய கையை றஷீதி வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முகம் செத்துப்போயிற்று.

"நான் இவருக்கு மகன் இல்லை. சொல்லு இவருக்கு" என்றான். "வெள்ளைக்காரன் எங்கட காட்டுக்குள்ள வந்து பிடிக்கேல்லை. அவன் கடற்கரையில கப்பலோட நிண்டவன். உள்நாட்டுக்குப் போய்ச் சனத்தைப் பிடிச்சு, கழுத்தில கவட்டுத் தடி பூட்டி, மாசக்கணக்கா நடத்திக் கொண்டுபோய்க் கரையில வித்தது எங்கட ஆக்கள். என்ர பாட்டன் செய்த தொழில் அது. அவற்ற அப்பனும் அதைத்தான் செய்தவர். துணிக்கும் வெடிமருந்துக்கும் மனிசரை வித்தவை. இவற்ற பாட்டனை எங்கட ஆக்கள்தான் வித்ததெண்டு சத்தியம் பண்ண ஏலாது. விக்கேல்லை எண்டும் சத்தியம் பண்ண ஏலாது. இதைக் கேட்ட பிறகும் தாறதெண்டால் தரட்டும்."

பஸ்தியான் காதில் கையை வைத்து முன்னால் சாய்ந்து, "என்னவாம்? பிள்ளை என்னவாம்?" என்றார். அந்தக் கண்களைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் வரும்? அறுபது வருடமாக ஒரு சொந்தம் தேடிய கண்.

"உங்கட சனமும் இவன்ட சனமும் ஒரே பாதையால கடலுக்கு வந்தவங்களாம், அப்பு" என்றார் ஸைனுலாப்தீன்.

அவ்வளவுதான். அது பொய்யில்லையே என்று பிறகு தனக்குத்தானே நூறு தரம் சொல்லிக்கொண்டார். முன்னால் கட்டுண்டு போனவனும் பின்னால் தடியோடு போனவனும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள். அடடா, என்ன நியாயம்!

பஸ்தியான் எழுந்து அவனைக் கட்டிப் பிடித்து நெற்றியில் கொஞ்சினார். பொத்தானைக் கையில் வைத்து விரல்களை மடக்கிப் பொத்திவிட்டார். எல்லாம் தெரிந்தும் மன்னித்துவிட்டார் என்று நினைத்த றஷீதி, ஆறடி உயரத்து ஆம்பிளை, சின்னப்பிள்ளை மாதிரிக் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஸைனுலாப்தீனும் அழுதார். அவர் அழுததற்குக் காரணம் வேறு.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் றஷீதி பாலையூற்றுக்குப் போனான். முதல் மாதம் ஸைனுலாப்தீனும் கூடப் போனார். பிறகு அவன் தனியாகவே போனான், அவர்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளினான். விறகு கொத்தினான். மாரிக்கு முதல் கூரைக்குக் கிடுகு மாற்றினான். பஸ்தியானுக்கு இழுப்பு வந்தால் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருந்தான். அவனுடைய தொப்பியில் தூசி இருந்தால் பஸ்தியான் தட்டிக் கொடுப்பார். கடையில் இருந்து இதைக் கேள்விப்படும்போதெல்லாம், தான் செய்தது நல்ல காரியம்தான் என்று ஸைனுலாப்தீனுக்குத் தெம்பு வந்தது.

ஆண்டும் மாறி, வைகாசி வெயில் கொளுத்துகிற ஒரு நாள் றஷீதி கடைக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தான்.

"பர்மாவுக்குப் போகப்போறம். இன்னும் பத்து நாள்தான்" என்றான். "போறதுக்கு முதல் ஒண்டு கேக்கவேணும். கிழவன் ஏன் என்னை இன்னும் மன்னிக்கேல்லை?"

"என்னடா கதை இது? உன்னத் தலையில வெச்சுக்கொண்டெல்லோ ஆடுறாரு!"

"அதுதான் சொல்லுறன். அண்டைக்குக் கட்டிப் பிடிச்சதை மன்னிப்பெண்டு நினைச்சன், பிறகு ஒரு நாளும் ஏசினது இல்லை. தொப்பியை அவருக்கு முன்னால வேணுமெண்டு வைக்கிறன், எடுக்கிறார் இல்லை. தூசி தட்டித் திருப்பித் தாறார். சவுக்காரத்தை வைச்சன், போர்வையை வைச்சன், ஒண்டும் எடுக்கேல்லை."

ஸைனுலாப்தீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. றஷீதி விளக்கினான். அவனுடைய நாட்டில் ஒரு சனம் மற்றச் சனத்துக்கு முன்னொரு காலத்தில் கொடுமை செய்திருந்தால், பிறகு சமாதானமாகும்போது இரண்டு பகுதிக்கும் ஒரு முறை உண்டாகும். உத்தானி என்பார்கள். அந்த முறைக்காரன் உன்னை வாய்க்கு வந்தபடி ஏசலாம். உன் தொப்பியைப் பறிக்கலாம், கோழியைப் பிடித்துக்கொண்டு போகலாம், நீ சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும். அவன் வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது உன் கடமை. ஏசுவது மன்னித்துவிட்டதற்கு அடையாளம். ஏசாமல் மரியாதையாகக் கதைத்தால் நீ இன்னும் அன்னியன், இன்னும் பகைவன்.

"ஒரு வருசமா அந்தாள் என்னோட மரியாதையாக் கதைக்கிறார்" என்றான் றஷீதி. "அவர் மன்னிக்காமலே நான் போய்ப் பர்மாவில செத்தா என்ன செய்யிறது, ஸைனு?"

தேத்தண்ணிக் கேத்தலை வைத்துவிட்டு ஸைனுலாப்தீன் வாங்குப் பலகையில் குந்தினார். தான் அன்றைக்குச் சொன்னது என்ன என்பதை அவனிடம் ஒப்புக்கொண்டார். றஷீதி அடிப்பான் என்று நினைத்தார். அவன் அடிக்கவில்லை.

"அப்ப அவருக்கு ஒண்டும் தெரியாது" என்றான் மெதுவாக. "நான் கள்ளனைப்போல அந்தாளின்ர முற்றத்தில சோறு திண்டிருக்கிறன்." எழுந்து போய்விட்டான்.

அந்த வியாழன் இரவு மூதூரில் ஸைனுலாப்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. றம்ஸியா கேட்டுக் கேட்டுக் கதையை முழுக்கப் பிடுங்கி எடுத்துவிட்டாள். மீன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"அந்தப் புள்ள மன்னிப்புக் கேட்டது ஆருக்கிட்ட?"

"பஸ்தியான் அப்புக்கிட்ட."

"மன்னிச்சது ஆரு?"

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"நீங்க மன்னிச்சிருக்கிறீங்க! அந்த மனிசன்ட பாட்டனை வித்ததுக்கு மூதூரில இருந்து நீங்க போய் மன்னிச்சிருக்கிறீங்க. ஆரு உங்களுக்கு அந்த உரிமையத் தந்த? பாவம் எண்டு பாத்தீங்களாம்! அந்தாள் என்ன பச்சப் புள்ளையா, கேட்டா உடைஞ்சு போக? காலையில முதல் வள்ளத்தில போங்க."

"நாளைக்கு ஜும்ஆ..."

"அங்கயும் பள்ளி இருக்கி."

வெள்ளிக்கிழமை பகல் பஸ்தியானின் முற்றத்தில் ஸைனுலாப்தீன் எல்லாவற்றையும் சொன்னார். கவட்டுத் தடியைச் சொன்னார். துணியையும் வெடிமருந்தையும் சொன்னார். தன் பொய்யையும் சொன்னார். கேட்டு முடிந்ததும் பஸ்தியானின் கை சட்டைப் பையைத் தடவியது, பொத்தான் இருந்த இடத்தை.

"கறுத்தவன்தானோ பிடிச்சது?" என்றார்.

"ஓம் அப்பு."

"எங்கள மாதிரித் தோலோட?"

"ஓம்."

வெயிலில் காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. பிறகு வந்ததே ஒரு சத்தம், அந்த நோஞ்சான் நெஞ்சுக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ!

"கள்ளப் பரம்பரை! ஆள் பிடிகாரன்ர பேரன்! என்ர பாட்டன் பத்து வயசில தாயைத் தேடி அழுதழுது நடந்திருக்கும், அதுக்குப் பின்னால தடியோட வந்தவன்ர பேரனுக்கு நான் கோழி காய்ச்சிக் குடுத்தனான்! போ! போய் என்ர பொத்தானை வாங்கிக்கொண்டு வா. அவன்ர முகத்தில முழிக்கமாட்டன் எண்டு சொல்லு. நீயும் இனி இந்தப் படலையைத் திறக்காத!"

பட்டாள முகாம் வாசலுக்கு ஸைனுலாப்தீன் போன நடை அடக்கத்துக்குப் போகும் ஜனாஸாவுக்குப் பின்னால் போகிற நடை. றஷீதி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்தத் தடவை அவர் ஒன்றையும் விழுங்கவில்லை. பொத்தானைத் திருப்பிக் கேட்டதைச் சொன்னார். முகத்தில் விழிக்கமாட்டேன் என்றதைச் சொன்னார்.

"வேற?" என்றான் றஷீதி. குரல் மாறியிருந்தது.

"வேற... ஏசினாரு."

"ஏசினாரோ? என்ன ஏசினவர்? முழுக்கச் சொல்லு! ஒண்டும் விடாத!"

கள்ளப் பரம்பரையும் ஆள்பிடிகாரன் பேரனும் சுவாஹிலியில் வர வர, றஷீதியின் முகம் விடிந்துகொண்டே போனது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, வாய் சிரிக்கிறது. பொத்தானைக் கொடுத்தான். தலையில் இருந்த தொப்பியையும் கழற்றிக் கொடுத்தான். உள்ளே ஓடிப்போய்ப் போர்வையையும் சவுக்காரத்தையும் கொண்டுவந்து கம்பிக்கு மேலால் தந்தான். "எல்லாம் அவருக்கு. பறிச்சதெண்டு சொல்லு!" காவலுக்கு நின்றவன் இருவருக்கும் விசர் என்று நினைத்திருப்பான்.

தொப்பியும் போர்வையுமாகப் படலையில் வந்து நின்ற ஸைனுலாப்தீனைப் பார்த்துப் பஸ்தியானுக்குக் கோபம் பாதி, திகைப்புப் பாதி.

"பொத்தானைத்தானே கேட்டனான், இதென்ன கோதாரி?"

படலைக்கு வெளியே நின்றபடியே உத்தானி முறையை அவர் சொன்னார். பஸ்தியான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஏசினதுக்கு அவன் சிரிச்சவனோ?"

"அழுதுகொண்டு சிரிச்சான், அப்பு. ஒரு வருசமா உங்கட ஏச்சுக்குத்தான் காத்துக்கொண்டு இருந்திருக்கான்."

பஸ்தியான் வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தார். "ஏசுறதெண்டால் முகத்துக்கு நேர ஏசவேணும்" என்றார் கடைசியில். "ஆளை அனுப்பி ஏசுறது சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை றஷீதி ஸைனுலாப்தீனோடு, வெறுந்தலையும் தோளில் ஒரு மண்வெட்டியுமாக வந்தான். பூசை முடிந்து வந்த பஸ்தியான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். அந்தத் தொப்பி அவர் தலையில் இருந்தது. அளவில் பெரியது, காதுவரை இறங்கியிருந்தது.

"என்னத்துக்கடா மண்வெட்டி?" என்றார்.

ஸைனுலாப்தீன் கேட்டுச் சொன்னார். "உங்களுக்குக் குழி வெட்டுறது அவன்ட கடமையாம். யுத்தத்துக்குப் போறவன், நீங்க மௌத்தாகிற நேரம் பக்கத்தில இருப்பானோ தெரியாதாம். அதால இண்டைக்கே வெட்டுறானாம். ஆனா சாகிறதுக்கில்ல, சாகாம இருக்கிறதுக்கு. பதுங்குகுழி."

பஸ்தியான் தொமிங்காள் நட்ட முருங்கையடியைக் காட்டினார். "அதில வெட்டச் சொல்லு."

வெட்டத் தொடங்கினான். பஸ்தியான் ஏசத் தொடங்கினார். முதல் ஒரு மணித்தியாலம் விளையாட்டு இல்லை. அறுபத்தெட்டு வருடமும், பாட்டனின் வருடங்களும், தெருவில் பொடியள் காப்பிரி காப்பிரி என்று கல்லெறிந்த நாட்களும் அந்த ஏச்சில் வந்தன. ஸைனுலாப்தீன் முதல் நாலைந்தை மொழிபெயர்த்தார்.

"நீ வாயைப் பொத்து" என்றார் பஸ்தியான். "உன்ர மொழிபெயர்ப்பு போதும். அவனுக்கு விளங்கும்."

விளங்கத்தான் செய்தது. ஒவ்வொரு ஏச்சுக்கும் றஷீதி ஒரு மண்வெட்டி நிறைய மண்ணைத் தூக்கி மேலே எறிந்தான். இடுப்பளவு ஆழம் வந்தபோது பஸ்தியான் எழுந்து வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆழம் காணாதடா! உன்ர பாட்டன் எங்களை இதை விட ஆழமாப் புதைச்சவன்!"

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கீழே நின்றவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான். கிழவர் அந்தக் கையைப் பிடித்து, கோட்டும் தொப்பியுமாகக் குழிக்குள் இறங்கினார். இரண்டு பேரும் ஈரமண்ணில் முதுகைச் சாய்த்து அருகருகே குந்தியிருந்தார்கள். வைகாசி வெயில் அங்கே இறங்கவில்லை.

ஸைனுலாப்தீன் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து குனிந்து கொடுத்தார். அந்த நேரம் பஸ்தியான் பொத்தானை எடுத்து றஷீதியின் கையில் வைத்தார். போன தடவை மாதிரி விரல்களை மடக்கவில்லை, கொஞ்சவும் இல்லை. கையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி வைத்தார்.

"கள்ளப்பயலே, இது உனக்குத் தந்ததில்லை. அந்த மண்ணில வைக்கவும் வேண்டாம். பர்மாவுக்குக் கொண்டுபோய்ட்டுத் திருப்பிக் கொண்டுவந்து என்ர கையில தரவேணும். அதுவரைக்கும் தொப்பி என்னட்டத்தான் இருக்கும். வராட்டி நான் செத்த பிறகும் உன்னை ஏசுவன்."

றஷீதி நிமிர்ந்து பார்த்தான். "ஸைனு, என்ன சொல்லுறார்?"

ஸைனுலாப்தீன் குழி விளிம்பில் குந்திக்கொண்டார். கள்ளப்பயலிலிருந்து தொடங்கினார். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.